பார்சலுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது

பூனையைக்கூட ‘வாங்கோ, உக்காருங்கோ’ என்று மரியாதையாகக் கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

வைதேகி எழுதுகிறேன். நேற்று உங்கள் மூன்றாம் வருஷத் திதி நல்லபடியாக நடந்தது. அண்ணா பெங்களூரிலிருந்து முதல் நாளே வந்துவிட்டான். வாத்தியார் சொன்ன நேரத்துக்கு வந்து பன்னிரண்டு மணிக்குள் முடித்துக்கொடுத்தார். காக்கை கொஞ்சம் காக்க வைத்தது, பிறகு வந்தது.

பார்சலை மட்டும் காலையிலிருந்து மாடி அறையில் அடைத்து வைத்திருந்தேன். எல்லாரும் போன பிறகு கதவைத் திறந்தால், உங்கள் ரயில்வே கோட்டின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து, சோம்பல் முறித்து, ஒரே தாவலில் அலமாரி உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு என்னை முறைத்தது. நான் அங்கேயே நின்று சிரித்தேன். அம்மா கீழேயிருந்து, “என்னடீ சிரிப்பு?” என்று கேட்டாள்.

அந்தத் தாவல் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது. போன வருஷம் உங்கள் திதியின்போது அதனால் ஒரு படி ஏற முடியவில்லை. நடுவில் நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்த சிலதையும் சேர்த்துச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் உங்கள் பூனை. காஞ்சிபுரம் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக இருந்த கடைசி வருஷத்தில், பட்டுப் புடவைப் பெட்டிகளுக்கு நடுவில் கண்கூடத் திறக்காமல் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தீர்கள். “யாரும் டெலிவரி எடுக்க வரலை. அதான் ஆத்துக்குக் கொண்டுவந்துட்டேன்” என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அம்மா அன்றைக்கு உங்களோடு பேசவில்லை. சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது என்று மட்டும் பூனையிடம் சொன்னாள்.

பெருமாள் கோயில் வாசலில் உங்கள் சிநேகிதர்கள் விடவில்லை. “தென்கலைக்காரனுக்குத்தான் பூனைக்குட்டி. நீர் வடகலை, நீர் குரங்கைன்னா வளர்க்கணும்” என்று சிரிப்பார்கள். பெருமாள் தாய்ப்பூனை மாதிரித் தானே நம்மைக் கவ்விக்கொள்வார் என்பது தென்கலை, குரங்குக்குட்டி மாதிரி நாம்தான் அவரைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தயிர் சாதத்தைக் குழையப் பிசைந்து, உருண்டை உருண்டையாக உருட்டிப் பார்சலுக்குப் போடுவீர்கள். மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. கோயில் இட்லி வந்த நாளில் அதிலும் ஒரு துண்டு. ஒன்பது வருஷம் அப்படித்தான் வளர்ந்தது.

நீங்கள் போன பிறகு வீட்டில் என்ன ஆயிற்று தெரியுமா? பேச்சு நின்றுவிட்டது. இந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நானும் அம்மாவும் உங்கள் வழியாகத்தான் பேசியிருக்கிறோம். “அவகிட்ட சொல்லுங்கோ”, “அம்மாட்ட கேளுங்கோ” என்று. காலையில் நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஏனாத்தூர் பஸ்ஸைப் பிடிக்கப் போவேன். கல்லூரி நூலகத்தில் சாயங்காலம் வரை வேலை. திரும்பி வந்தால் அம்மா தட்டு வைப்பாள், ரசம் விடுவாள். “இன்னும் கொஞ்சம் சாத்தமுது?” “போறும்.” அவ்வளவுதான் ஒரு நாளின் பேச்சு. சண்டை ஒன்றும் இல்லை அப்பா. எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பார்சல் உங்கள் நாற்காலிக்கடியிலேயே கிடந்தது. அதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். நான் காலையில் ஒரு கிண்ணம் பால் வைப்பேன். நான் போன பிறகு அம்மாவும் வைத்திருக்கிறாள். தயிர் சாதத்தில் உங்கள் அளவு குறையக் கூடாது என்று அவள் ஒரு பங்கு, நான் ஒரு பங்கு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. பார்சல் உருண்டு திரண்டு போயிற்று. அப்புறம், அவ்வளவு சாப்பிட்டும் இளைக்க ஆரம்பித்தது.

முதலில் தண்ணீர். கிணற்றடி வாளியில் தலையை விட்டுக் குடிக்கும். கோலம் போட வைத்த சொம்பில் குடிக்கும். வாசல் தெளித்த ஈரத்தைக்கூட நக்கும். பிறகு நடை மாறிற்று. பின்னங்காலைக் குதிகால் வரை தரையில் பதித்து, முயல் மாதிரி நடந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். அம்மாதான் கண்டுபிடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். பார்சல் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதுக்கு என் வியாதிதான்டீ” என்றாள்.

பதினைந்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் சொன்னால் தப்பாகுமா? மறுநாள் லீவு போட்டுவிட்டு, பார்சலைப் பச்சை வயர் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டுக் கட்டி, ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி. டாக்டர் சின்ன வயசுக்காரர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு தடவை பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு.

“காஞ்சிபுரத்துல நான் பார்க்கிற முதல் சர்க்கரைப் பூனை இதுதாம்மா” என்றார். மெட்ராஸில் தனக்குப் பாடம் சொன்ன பேராசிரியருக்கு என் எதிரிலேயே போன் போட்டு விவரமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “மனுஷங்க போட்டுக்கிற இன்சுலின்தான். இரண்டு யூனிட், ரெண்டு வேளை, பன்னிரண்டு மணி நேர இடைவெளி. ஒரு நாள்கூட விடக்கூடாது. வயசான பூனை. வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணினாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன். செய்வீங்களா?”

எனக்கு ஊசி என்றாலே மயக்கம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அம்மை ஊசி போட வந்தபோது நீங்கள்தானே வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்? ஆனால் கூடைக்குள்ளிருந்து அது என்னைப் பார்த்தது. உங்கள் கையால் சாப்பிட்ட ஜீவன் வேறு யார் இருக்கிறார்கள் அப்பா, என்னையும் அண்ணாவையும் தவிர? “செய்கிறேன்” என்றேன்.

கழுத்துக்குப் பின்னால் தளர்ந்த தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து, அடியில் ஊசியை நுழைக்க வேண்டும். மருந்துச் சீசாவைக் குலுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். முதலில் சாப்பாடு, அப்புறம்தான் ஊசி. சாப்பிடாவிட்டால் ஊசி கிடையாது. டாக்டர் எல்லாவற்றையும் செய்து காட்டினார். முதல் நாள் வீட்டில் நான் போட்டபோது ஊசி தோலின் அந்தப் பக்கமாக வெளியே வந்து, மருந்தெல்லாம் ரோமத்தில் வழிந்துவிட்டது. மறுபடி போடலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். சந்தேகமாக இருந்தால் மறுபடி போடாதீர்கள் என்று அவர் சொன்னது நல்லவேளை ஞாபகம் வந்தது. பார்சல் திரும்பி, இவ்வளவுதானா என்பது போலப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஊசியைவிடக் காது கஷ்டம். அண்ணா அம்மாவுக்கு வாங்கிக்கொடுத்து, அவள் பிரிக்காமலே வைத்திருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்துக்கொண்டேன். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து பார்சலின் காதில் ஒற்றிச் சூடாக்க வேண்டும். பிறகு காதோரத்தில் ஓடும் மெல்லிய நரம்பில் குத்தினால், கடுகு அளவு ரத்தம் வரும். அது போதும். முதல் தடவை குத்திவிட்டு நான் அழுதேன். அம்மா சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், வெளியே வரவில்லை.

ஆனால் அன்றைக்கு ராத்திரி சாதம் போடும்போது கேட்டாள்.

“எவ்வளவு?”

“முந்நூத்தி எண்பது.”

மறுநாளும் கேட்டாள்.

“இன்னிக்கு?”

“முந்நூத்தி அறுபது.”

“எறங்கறது” என்றாள்.

இப்படித்தான் அப்பா, நாங்கள் பேச ஆரம்பித்தோம். ஒரு நாளைக்கு இரண்டு எண். அந்த எண்ணைச் சொன்ன பிறகு வேறு ஏதாவது ஒரு வாக்கியம் தானாக வரும். பஸ்ஸில் கூட்டமா, மழை வருமா, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்ததா.

ஆனால் ஒரு மாசம் ஆகியும் சர்க்கரை முந்நூறுக்குக் கீழே வரவில்லை. டாக்டர், “என்ன சாப்பிடுது?” என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “பூனைக்குச் சோறும் பாலும் சரிப்படாதும்மா. மீன், கோழி, முட்டை, இதுதான் அதோட சாப்பாடு. அது மாறினாத்தான் மருந்து கேட்கும். மாத்தற அன்னைக்கு எனக்கு ஒரு போன் பண்ணுங்க, ஊசியைக் குறைக்க வேண்டியிருக்கும்.”

நம் வீட்டில் மீனா? வெங்காயம் நறுக்கினாலே அம்மா தனிக் கத்தி தேடுவாள். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை அப்பா. அன்போடுதான் போட்டீர்கள். நாங்களும் அன்போடுதான் இரண்டு பங்காகப் போட்டோம்.

நூலகத்தில் என்னோடு வேலை செய்யும் வளர்மதியிடம் சொன்னேன். பிள்ளையார்பாளையத்துப் பெண். வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது, அவள் வீட்டுக்காரர் குமரேசன் நெய்கிறார். வளர்மதி புத்தகத்தை அடுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இன்னாக்கா நீங்க, இத்தினி வருஷமா பூனைக்குத் தயிர்சோறா போட்டுக்கினு இருந்தீங்க? அது எப்டிக்கா உசுரோட இருக்குது?”

“அப்பா பிசைஞ்சு போடுவார்” என்றேன். வேறென்ன சொல்ல?

“சரி வுடுங்க. ஏரி மீனு எங்க வூட்ல வாரத்துல பாதி நாளு இருக்கும். உப்பு, காரம் போடாம தனியா வேக வெச்சு, முள்ளு எடுத்துக் குடுக்கறேன். காலைல அவரு சைக்கிள்ல வந்து குடுத்துட்டுப் போவாரு. சாய்ந்தரத்துக்கு நீங்க என் வூட்டாண்ட வந்து வாங்கிக்குங்க. மீனு இல்லாத அன்னிக்கு முட்டை.”

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னபோது அம்மா பெருமாளுக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“அது என்ன மீன்?”

“ஜிலேபி கெண்டைன்னு பேர்.”

“சர்க்கரைக்கு ஜிலேபியா?” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு முழம் தொடுத்து முடித்த பிறகு சொன்னாள்: “கொல்லைக் கதவுக்கு அந்தண்டை. கிண்ணம் உள்ளே வரப்படாது. அந்தப் பொண்ணோ அவ ஆம்படையானோ கொல்லைச் சந்தோட நிக்கணும். நீ கையை அலம்பிண்டு உள்ளே வா.”

அம்மா சொன்ன மூன்றாவது விஷயம் எனக்குச் சங்கடமாக இருந்தது. வளர்மதி முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கம். அவள், “பூனை சாப்ட்டா போதும்க்கா” என்று முடித்துவிட்டாள்.

பார்சல் முதல் நாள் மீனைச் சாப்பிட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினொரு வயசில் முதல்முறையாகத் தன் சாப்பாட்டைப் பார்க்கிறது. முதலில் மூக்கை வைத்துவிட்டுப் பின்வாங்கிற்று. பிறகு உறுமிக்கொண்டே சாப்பிட்டது. கிண்ணத்தை நக்கி நக்கிக் கிணற்றடி வரை தள்ளிக்கொண்டு போயிற்று.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். டாக்டருக்கு நான் போன் பண்ணவில்லை. நாளைக்குப் பண்ணலாம், நாளைக்குப் பண்ணலாம் என்று இருந்துவிட்டேன். காதில் குத்துவது மனசுக்குக் கஷ்டமாக இருந்ததால், நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு வாரம் சர்க்கரையும் பார்க்கவில்லை. அதே இரண்டு யூனிட்டைத் தினம் இரண்டு வேளை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு மூன்று தடவை “எவ்வளவு?” என்று கேட்டாள். “பார்க்கலை” என்றேன். அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நூலகத்துக்குப் போன் வந்தது. வளர்மதி எடுத்தாள். ரிசீவரைப் பொத்திக்கொண்டு, “அக்கா, உங்கம்மா. பூனை வுழுந்துட்ச்சாம்” என்றாள்.

அம்மாவின் குரல் நிதானமாக இருந்தது. “வைதேகி, பதறாதே. பார்சலுக்குச் சர்க்கரை தாழ்ந்துடுத்துன்னு நினைக்கறேன். வாயில தேன் தடவிண்டிருக்கேன். நீ கிளம்பி வா.”

எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. வளர்மதியும் கூடவே வந்தாள். அவளே ஆட்டோவை நிறுத்தி ஏற்றினாள். வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடிற்று: போன் பண்ணியிருந்தால் இது நடந்திருக்காது.

வீட்டுக்குள் நுழைந்தால், சமையலறைக்குள், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள் அம்மா. வாசலைத் தாண்டக் கூடாது என்று அவளே சொன்ன அந்தச் சமையலறை. பார்சல் அவள் மடியில், உங்கள் துண்டில் சுற்றிக் கிடந்தது. யாரும் தொடாமல் உலர்த்திக் கட்டிக்கொள்ளும் அவளுடைய மடிப்புடவை முழுக்கத் தேன். பக்கத்தில் பெருமாள் அலமாரியில் திருமஞ்சனத்துக்கு வைத்திருக்கும் தேன் பாட்டில் திறந்திருந்தது.

என்ன நடந்தது என்று மெதுவாகச் சொன்னாள். கொல்லைப் படியில் தொப்பென்று சத்தம் கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் பார்சல் எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, எச்சில் ஒழுகக் கிடந்திருக்கிறது. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. ஏகாதசி ஒன்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி இருந்து, அவள் நடுங்கி வியர்த்து விழுந்தாளே, நீங்கள் ஓடிவந்து சர்க்கரையை வாயில் போட்டீர்களே, அது ஞாபகம் வந்ததாம்.

“அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துதோ அப்படியே அது மூஞ்சி இருந்துது” என்றாள். “அப்பா பண்ணினதைத்தான் நானும் பண்ணினேன். விரலால ஈறுல தடவினேன். கடிக்கலை. சமத்தா நக்கித்து.”

நான் காதைக் குத்திப் பார்த்தேன். எழுபத்தொன்று. டாக்டருக்குப் போன் பண்ணினேன், தப்பையும் சேர்த்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “தேன் தடவறதுக்கு முன்னாடி எவ்வளவு கீழே போயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. உங்கம்மா இல்லேன்னா பூனை இல்லை. இப்ப சாப்பிடக் கொடுங்க. இன்னிக்கு ஊசி வேண்டாம். நாளையிலிருந்து ஒரு யூனிட். தினமும் பாருங்க” என்றார்.

போனை வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். “என் தப்புதான்” என்றேன்.

“நீ சொல்லலை. எனக்கும் தெரியும், நீ பார்க்கலைன்னு. நான் அதுக்கப்புறம் கேக்கலை. ரெண்டு பேரும் வாயை மூடிண்டிருந்தோம், இது படுத்துடுத்து” என்றாள் அம்மா.

அப்போதுதான் வளர்மதி கொல்லைக் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தோம். ஆட்டோவிலிருந்து இறங்கியவள், வாசல் வழியாக வராமல் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு வந்திருக்கிறாள். அம்மா அவளைக் கூப்பிட்டாள்.

“ஏம்மா வெயில்ல நிக்கறே? உள்ள வந்து உக்காரு. தண்ணி எடுத்துக்கோ. எனக்கு எழுந்துக்க முடியலை, இது மடியில இருக்கு.”

வளர்மதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது அப்பா. மத்தியானச் சர்க்கரையை அம்மாவே பார்க்கக் கற்றுக்கொண்டாள். என்னைவிட அவளுக்குக் கை சுத்தம். பூத்தொடுக்கிற விரல் இல்லையா? தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் எண்ணை எழுதி, சாயங்காலம் நான் வந்ததும் நீட்டுவாள். நூற்று எண்பது. நூற்று நாற்பது. நூற்றுப் பத்து. மீன் கிண்ணம் இன்னும் கொல்லையில்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் டப்பாவைத் திறந்து வைப்பவள் அம்மா, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு. பிறகு ஒரு குளியல்.

ஒரு யூனிட் கண்ணால் அளந்து அரை யூனிட் ஆயிற்று. அப்புறம் ஒரு வேளை மட்டும். பின்னங்கால் குதிகால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை விட்டு எழும்பியது. நாலாவது மாசம் டாக்டர், “நிறுத்திப் பார்க்கலாம். சில பூனைக்கு அப்படி ஆகும்” என்றார். நிறுத்தினோம். முதல் வாரம் நானும் அம்மாவும் சாப்பாட்டைவிட அதன் காதைத்தான் அதிகம் பார்த்தோம். தொண்ணூற்றைந்து. நூற்று எட்டு. தொண்ணூறு. இன்று வரை அப்படியே இருக்கிறது. திரும்பவும் வரலாம், வாரம் ஒரு தடவை பாருங்கள் என்றிருக்கிறார். பார்க்கிறோம்.

ஊசி நின்ற மறுவாரம் நான் மீதி ஊசிகளைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என் டாக்டர் மூணு வருஷமா சொல்லிண்டிருக்கார்” என்றாள்.

“என்ன?”

“மாத்திரை போறாது, ஊசி போட்டுக்கோங்கோன்னு. உங்கிட்ட சொல்லலை. அப்பாகிட்டயும் சொல்லலை. பயம்.”

உங்களிடமும் சொல்லவில்லையா அப்பா? நீங்கள் இருக்கும்போதே டாக்டர் சொல்லியிருக்கிறாரா?

“அது ஒரு நாளும் கத்தலையே” என்று பார்சலைப் பார்த்தாள். “நீ போட்டுடுவியா எனக்கு?”

மறுநாளே அவளை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்கென்று வேறு மருந்து, வேறு அளவு எழுதிக்கொடுத்தார். முதல் ஊசியை வயிற்றில் போட்டபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஊசியை எடுத்து மூடி வைத்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. “எப்போ போடப் போறே?” என்றாள். “ஆயிடுத்தும்மா” என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். எட்டு மாசம் ஆகிறது. கால் எரிச்சல் போய்விட்டது. கண் டாக்டர் போன வாரம் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். எனக்கும் இப்போது ஊசியைப் பார்த்தால் மயக்கம் வருவதில்லை.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறது அப்பா. நீங்கள் இல்லாத நன்றாகத்தான். ஆனால் உண்மையாகவே நன்றாக இருக்கிறது. அம்மா இப்போது நிறையப் பேசுகிறாள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது எவ்வளவோ அவளிடம் இருக்கிறது. கல்யாணமான புதுசில், மூன்று ஆறுகள் சேரும் திருமுக்கூடலுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்னீர்களாமே? “மூணு ஆத்துலயும் தண்ணி வரட்டும், போலாம்” என்று சொல்லிச் சொல்லியே முப்பத்தெட்டு வருஷம் ஓட்டிவிட்டீர்களாம். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. பாலாற்றில் தண்ணீர் போகிறது என்று குமரேசன் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் போகிறோம். அம்மாவின் மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக்கொள்ளலாமா என்று அவள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். போன் பண்ணித்தான் கேட்டேன். அன்றைக்குப் பார்சலைப் பார்த்துக்கொள்ள வளர்மதி வருகிறாள். வீட்டுச் சாவியை அம்மாவே அவள் கையில் கொடுத்து, “வாசக் கதவைத் திறந்துண்டு வா. கொல்லை வழி வேண்டாம்” என்று சொன்னாள்.

அப்பா, ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்குவேன். படியில் உட்கார்த்தி, சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டு, நேரத்துக்குச் சாப்பிட வைப்பேன். போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டே இருப்பேன். அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எதையும் மறைக்காமல் சொல்வேன். அவளையும் சொல்ல வைப்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

என்றும் உங்கள் பெண்ணும், பார்சலுக்கு அக்காவுமான
வைதேகி
சின்ன காஞ்சிபுரம்